இனிக்க இனிக்கப் பேசி விலக்கியவர்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வலிகாமத்தான்:
போன திருவிழாவில் கண்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கோயில் பெயர் வேண்டாம், எங்கள் பக்கம் ஒரு முருகன் கோயில், அவ்வளவு போதும். தேர் அன்று மடத்தில் அன்னதானம். விடியப்புறத்தில் இருந்து ஒரு பெடியன் விறகு தூக்கினான், கிடாரம் கழுவினான், வாசலில் தோரணம் கட்டினான். எந்தச் சாதிப் பெடியன் என்று நான் சொல்லத் தேவையில்லை, எங்கள் ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். பந்தி தொடங்கியதும் நிர்வாக சபைக்காரர் ஒருவர் ஒலிவாங்கியில் "ஆண்டவன் சந்நிதியில் பேதம் இல்லை, எல்லாரும் அவன் பிள்ளைகள்" என்று உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இவன் சாம்பார் வாளியைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வந்தார், தோளில் கை வைத்தார். "தம்பி ராசா, நீர் காலமையில இருந்து நிக்கிறீர், நல்லாக் களைச்சுப் போனீர். இரும், இருந்து முதல்ல சாப்பிடும்." சொல்லிக்கொண்டே வாளியை வாங்கிவிட்டார். காலையில் இருந்து நின்ற மற்றப் பெடியள் எல்லாரும் பரிமாறிக்கொண்டுதான் நின்றார்கள், அவர்களில் ஒருவருக்கும் களைப்பு வரவில்லை. இவனுடைய கை மட்டும், வாளி போன பிறகும், பிடித்த மாதிரியே கொஞ்ச நேரம் மடங்கி இருந்தது.

திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருக்கலாம். "ராசா" என்று கூப்பிட்டவரோடு என்னவென்று சண்டை பிடிப்பது? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒலிவாங்கியில் பேசியவரை விட, அன்பான சொல்லை எடுத்து அந்த வேலைக்குப் பாவித்தவர்தான் எனக்குப் பெரிய குற்றவாளி.

சோனகத்தெரு:
அண்ணை, எனக்கும் கிட்டத்தட்ட இதுதான். 1990 ஒக்டோபரில் எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். புத்தளத்தில் வளர்ந்த நான் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து வாடகைக்கு வீடு தேடிய காலம். அந்த நாட்களில் ஒரு நல்லிணக்கக் கூட்டத்துக்குப் போனேன். ஒரு ஐயா மேடையில் "தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று பேசினார், கை தட்டினோம், நானும்தான் தட்டினேன். கொஞ்ச நாளில் தரகர் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். கதவைத் திறந்தவர் அதே ஐயா. தேத்தண்ணி தந்தார், உம்மாவின் சுகம் கேட்டார், புத்தளத்தில் பட்ட கஷ்டமெல்லாம் கேட்டுக் கண் கலங்கினார். பிறகு, "மகள் கனடாவில இருந்து வாறா தம்பி, இல்லாட்டி உங்களுக்கு இல்லாத வீடா?" என்றார். அடுத்த மாதமும் அந்தப் படலையில் "வீடு வாடகைக்கு" அட்டை தொங்கியது. மழையில் எழுத்து ஊறி, மேலே புதிதாக ஒருமுறை எழுதியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. முனாஃபிக்குக்கு, அதாவது நயவஞ்சகனுக்கு, மூன்று அடையாளம் என்று மதரசாவில் படித்தோம்: பேசினால் பொய், வாக்குக் கொடுத்தால் மாறுவான், நம்பி ஒன்றைக் கொடுத்தால் மோசம் செய்வான். முதல் அடையாளமே வாயில்தான் இருக்கிறது. நோன்பு காலத்தில் கைம்பெண் ஒருவருக்கு அரிசிப் பை கொடுத்துவிட்டு, அவருடைய முகம் தெரியப் படம் எடுத்து முகநூலில் போடுகிறவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். மனிதருக்குக் காட்டக் கொடுக்கிற தர்மம் பாழாய்ப் போகும் என்று குர்ஆன் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடப் பார்க்க, "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கோ தாத்தா" (எங்கள் வழக்கில் அக்கா) என்று சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

மீசாலை:
இரண்டு பேரும் கோபிக்காதீர்கள், நான் மற்றப் பக்கம் நிற்கிறேன். அந்த ஐயாவின் மகள் உண்மையிலேயே வருவதாக இருந்து பிறகு வராமல் விட்டிருக்கலாம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றாலே பாவம் என்றால் இந்த ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். 1995 இடப்பெயர்வில் வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு வந்தபோது எங்கள் வீட்டு முற்றம், கோடி, மாட்டுக்கொட்டில் எல்லாம் சனம். இரவு ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு படலையில் வந்து நிற்கிறது. அம்மம்மா உள்ளே எங்களிடம் "இனி நிக்கவும் இடமில்லை, ஆரையும் விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனவர், படலையில் அந்தக் குழந்தையைக் கண்டதும், "வாங்கோ வாங்கோ, இடம் தாராளமாக் கிடக்குது, நாங்களும் சாப்பிடப் போறம்" என்றார். பானையில் ஒன்றும் இல்லை. தன் பாயை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அன்று திண்ணையில் இருந்தபடி விடிய வைத்தார். அம்மம்மா சொன்னது முழுப் பொய். அதற்காக அவரை வேஷக்காரி என்பீர்களா? நாக்கில் இருக்கிற பண்பும் போய்விட்டால் எங்களுக்குள் மிஞ்சுவது வெட்டுக்குத்துத்தான். அதனால்தான் எல்லாவற்றுக்கும் வேஷம் என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

குருநகர் மகள்:
மீசாலை அண்ணா, உங்கள் அம்மம்மா சொன்ன பொய்க்குத் திண்ணையில் இருந்து விலை கொடுத்தது அவரேதான். மற்ற இரண்டு கதையிலும் விலை கொடுத்தது கேட்டுக்கொண்டு நின்றவர்கள். அதை நீங்கள் கவனிக்காமல் விட்டது எனக்குக் கவலை.

எங்களுக்கும் மாமிக்கும் வேலி வழக்கு. வேலிக் கதியால் ஒவ்வொரு மழைக்கும் எங்கள் பக்கம் தள்ளித் தள்ளி வந்த கதை யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பா போன பிறகு கொஞ்சம் கூடவே தள்ளினது. தவக்காலம், ஞாயிறு பூசை. "ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று சுவாமி சொன்னதும், முன் வாங்கில் இருந்த மாமி திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அம்மாவுக்குக் கை கூப்பி, "சமாதானம் தங்கச்சி" என்றார். கதைக்காமல் எவ்வளவோ காலம். அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதார், சந்தோசத்தில். திங்கட்கிழமை சட்டத்தரணியின் கடிதம் தபாலில் வந்தது, வேலி முழுக்கத் தங்களுடையது, நாங்கள் அத்துமீறி நிற்கிறோம் என்று. கடிதத்தில் திகதி வெள்ளிக்கிழமை. அதாவது கடிதம் போட்ட பிறகுதான் அந்தச் சிரிப்பு.

காணிக்கையோடு பீடத்துக்கு வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. மாமி அதே வேதாகமத்தில் இருந்து பூசையில் வாசகம் வாசிக்கிறவர். கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருந்தால் அம்மாவுக்கு இவ்வளவு நொந்திராது. அம்மா அந்தக் கடிதத்தை விட அந்தச் சிரிப்பைத்தான் இப்போதும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியன்:
பிள்ளைகள் எழுதியதை வாசித்தேன். எனக்கும் ஒன்று உண்டு. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தம் ஆடிவிட்டு ஈர உடுப்போடு நின்று ஒருவர் என்னிடம், தங்கைக்குச் சேர வேண்டிய சீதனக் காணியைத் தன் பெயருக்கு மாற்றிய கெட்டித்தனத்தைச் சொன்னார், நெற்றியில் திருநீறு காயவில்லை. அவ்வளவுதான் என் கதை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வலிகாமத்துத் தம்பி, திருக்குறளில் கூடாவொழுக்கம் என்று பத்துக் குறள் உள்ள ஒரு அதிகாரமே உண்டு, எடுத்து வாசியும். வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம் பூதங்கள் ஐந்தும் அகத்தே நகும் என்கிறார் வள்ளுவர். ஊரை ஏமாற்றலாம், தன் உடம்பில் இருக்கிற ஐம்பூதங்களை ஏமாற்ற முடியாது. ஆனால் குறளை வாசித்துவிட்டு இருந்தால் போதாது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் போகவிடாமல் தடுப்பதைக் குற்றம் ஆக்கியது. சட்டம் வந்து பதினொரு வருடத்துக்குப் பிறகும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் இருந்து போராட வேண்டியிருந்தது. அன்று வாசலை மறித்து நின்றவர்கள் எதிர்ப்பதை ஒளிக்கவில்லை, இன்று மறிப்பவர்கள் "ராசா" என்கிறார்கள், அதனால் சட்டத்துக்கு அகப்படுவதில்லை. 2018 இல் தென்மராட்சிக் கோயில் ஒன்றில் ஒடுக்கப்பட்ட சாதியார் வடம் பிடிக்கக் கூடாதென்று, மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுத்த படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஒரு நல்ல விளக்கம் சொன்னார்கள். ஆகவே அடுத்த முறை நீர் செய்ய வேண்டியது, அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் போய், எல்லாருக்கும் கேட்க, "ஐயா, எனக்கும் களைப்பு, என்னையும் இருக்கச் சொல்லுங்கோவன்" என்று சொல்வது. இனிப்பான சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையை அவருக்கு உண்டாக்கும். உபயகாரரிடம் போய், பரிமாறுகிறவர் பட்டியலை யார் தீர்மானிக்கிறார் என்று கேளும். சபைக் கூட்டத்தில் எழுத்தில் கேளும், பதில் எழுத்தில் வரட்டும். குருநகர்ப் பிள்ளை, வழக்குக்கு முன் காணி உறுதியையும் வரைபடத்தையும் எடுத்து நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளப்பியுங்கள், அம்மாவைத் தனியே மாமியோடு கதைக்க விடாதீர்கள். சோனகத்தெருத் தம்பி, வாடகைக்குத் தரகரை நம்பாமல் நேரே...

சோனகத்தெரு:
ஐயா, வீடு எப்போதோ கிடைத்துவிட்டது. நான் வீட்டுக்கு வழி கேட்கவில்லை. அந்த மனிதர் கண் கலங்கினாரே, அது உண்மையான கண்ணீரா என்றுதான் இன்றைக்கும் யோசிக்கிறேன். உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைக்கும்போது இன்னும் கூட வலிக்கிறது.

வலிகாமத்தான்:
ஐயா, சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் இல்லை. மீசாலை அண்ணைக்கு ஒன்று. இந்த முறை திருவிழாவுக்கு அந்தப் பெடியன் வரவில்லை. சந்தையில் கண்டு கேட்டேன். "வேலை கூட அண்ணை, அதுதான் வர வசதிப்படேல்ல" என்று சிரித்தான். தேர் அன்று முழுக்க அவன் வீட்டில்தான் இருந்தான் என்று எனக்குத் தெரியும். அவனும் உள்ளே ஒன்று வைத்துக்கொண்டுதான் வெளியே ஒன்று சொன்னான், எனக்கு முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக. அவனையும் அந்தப் பெரியவரையும் ஒரே வரிசையில் நிறுத்த என்னால் முடியாது.