மழை ஏமாற்றுமா?

கொழிஞ்சாம்பாறைத் தென்னை:
பாசன சங்க அறிவிப்பில் "இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது" என்று எழுதினேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதை அடித்துவிட்டு "பொய்த்துவிட்டது" என்று திருத்தினார். ஏமாற்றுவதற்கு மனசு வேண்டுமாம். சரிதானா?

ஓய்வு வாத்தியார்:
சரிதான். ஏமாறுவது தன்வினை, ஏமாற்றுவது பிறவினை. செய்கிறவன் ஒருவன் வேண்டும், அவனுக்கு உள்நோக்கமும் வேண்டும். தராசில் கைவைக்கிறவன் ஏமாற்றுகிறான். மேகம் என்ன செய்தது?

வேலந்தாவளம் பஸ்:
ஏனுங்க வாத்தியாரே, வாடு, வாட்டு கூட அப்படித்தானே? வெயில் வாட்டுகிறது என்கிறோம், வெயிலுக்கு மனசா இருக்கிறது? பொய் சொல்லத்தான் மனசு வேண்டும். "விண்இன்று பொய்ப்பின்" என்று வள்ளுவரே வானத்தின் மேல் அந்தப் பழியைப் போட்டிருக்கிறார்.

ஓய்வு வாத்தியார்:
பொய்த்தலுக்குத் தவறிப்போதல் என்றும் பொருள் உண்டு தம்பி.

வேலந்தாவளம் பஸ்:
ஏமாற்றத்துக்கும் உண்டுங்க. "ரசிகர்கள் ஏமாற்றம்" என்று பேப்பரில் வந்தால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொல்லில் ஏமாற்றியவனே கிடையாது. மோசடியைச் சொல்ல "ஏமாற்று வேலை" என்று வேலையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சித்தூர் மருமகள்:
நான் தஞ்சாவூர்க்காரி, வாக்கப்பட்டது சித்தூரில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை). வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சேச்சி வானத்தைப் பார்த்து "மழ சதிச்சு" என்றார். யார் கூடி என்ன சதி செய்தார்களோ என்று பயந்துவிட்டேன். மலையாளத்தில் சதி என்றால் வஞ்சனை, நம்பவைத்துக் கைவிடுவது. நமக்கு நாலு பேர் சேர்ந்து திட்டம் போட்டால்தான் அது சதி. சேச்சியின் பையன் காலி மிட்டாய்க் காகிதத்தை நீட்டிவிட்டு "பற்றிச்சே!" என்று குதிப்பான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு "ஏமாந்தியா!" என்பார்கள். அதில் என்ன வஞ்சனை இருக்கிறது?

ஓய்வு வாத்தியார்:
மலையாளத்தை வைத்துத் தமிழுக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள் அம்மணி. தினமும் கேட்டுக் கேட்டுத்தான் இங்கே பேச்சு இப்படி ஆகிவிட்டது. வரி ஏய்ப்பு என்கிறோம், மழை ஏய்த்தது என்போமா?

வேலந்தாவளம் பஸ்:
ஏய்ப்பில் திட்டம் உண்டு, அதனால் மழைக்கு ஒட்டாது. ஏமாற்றுவது ஒட்டுகிறதே! எல்லைப் பேச்சு என்றால் தஞ்சாவூரில் எப்படி?

சித்தூர் மருமகள்:
ஆடி பிறந்தால் அப்பாவுக்கு வேறு பேச்சே கிடையாது. "ஏமாத்திட்டுதும்மா" என்பார்.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை:
வம்பு வேண்டாம் என்று "மழை பெய்யவில்லை" என மாற்றி ஒட்டிவிட்டேன். அடுத்த வரியில், வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில், "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தேன். அதைப் பெரியவர் தொடவே இல்லை.