ஆகாயத்தாமரைக் குளத்தில் கூன்வண்டு விட்டிருக்கோம், இப்ப எவ்வளவு வாரலாம்?

வணக்கம். கடலூர் மாவட்டம், குறிஞ்சிப்பாடி பக்கம். எங்க ஊர்க் குளம் ஒன்றரை ஏக்கர். நாலு வருஷமா தண்ணியே தெரியாம ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கு, மாடு இறங்க வழியில்லை.

ரெண்டு தடவை ஆள் விட்டு வாரினோம். அடுத்த மழைக்கே திரும்ப மூடிடுச்சு. களைக்கொல்லி அடிக்க மனசு வரல, கீழே நெல்லுக்கு இந்தத் தண்ணிதான். அதனால ஆகாயத்தாமரையைத் தின்னு அழிக்கிற நியோகெட்டினா கூன்வண்டு, 1983-ல் பெங்களூருவில் இந்தக் களையை ஒழிக்க விட்ட அதே வண்டு, போன வருஷம் ஆடியில் சுமார் 800 வாங்கி வடகரையில் விட்டோம்.

வண்டு பிடிச்சிருக்கு, அதில் சந்தேகமே இல்லை. இலை பூரா மிளகளவு சுரண்டல் தழும்பு. காம்பை நகத்தால் கீறினா பழுப்பு ஓட்டை, உள்ளே வெள்ளைப் புழு. முழங்கால் உயரம் இருந்த செடி வடகரையில் சாண் உயரத்துக்கு இறங்கிடுச்சு. தெற்கே சாக்கடை வாய்க்கால் விழுற இடத்தில் மட்டும் இடுப்பளவு தழைச்சு நிக்குது.

ஐப்பசி மழைக்கு முன்னாடி பொக்லைன் வச்சு மொத்தமா வாரணும்னு ஊரில் பேசுறாங்க. வாரினா வேரில் கூட்டுப்புழுவா இருக்கிறதும் சேர்ந்து கரையேறிக் காய்ஞ்சிடும். பதினாலு மாசம் காத்திருந்தது வீணாப் போயிடும்.

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க: வண்டு அழியாம இருக்க எவ்வளவு செடியை, எந்தப் பக்கம் வாராம விட்டு வைக்கணும்?