பழைய ஜன்னல் பெயின்டில் ஈயம் இருக்குமோ? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அறுபது வருடத்துக்கும் மேலான வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். கதவு, ஜன்னல்களில் அடுக்கடுக்காகப் பழைய பெயின்ட். போன வாரம் பெயின்டர் ஒரு ஜன்னலைத் தண்ணீர் தொடாமல் உப்புத்தாளால் தேய்த்துவிட்டார். அறை முழுக்கத் தூசி. அப்புறம்தான் பழைய பெயின்டில் நச்சான ஈயம் இருக்கலாம் என்று படித்தேன். அன்றே வேலையை நிறுத்திவிட்டேன்.

மகளுக்கு இரண்டு வயது. கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பாள். ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கிய ஈயத்தைச் சிறுகுழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுமாம். அவளைப் பாட்டி வீட்டில் விட்டிருக்கிறோம், ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டரிடம் சொல்லியாயிற்று.

இப்போது என் குழப்பம் இதுதான். நிறம் மாறும் சோதனைக் குச்சியை நம்பலாமா, அல்லது எல்லா அடுக்கும் வரும்படி வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கே அனுப்புவது நல்லதா? ஈயம் இருந்தால், சுவரில் உறுதியாக ஒட்டியிருப்பதன் மேல் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம், சரி. ஜன்னலில் அது நிற்காதே! திறந்து மூடும் உரசலிலேயே தூசி கிளம்பும். ஜன்னல் கதவுகளையே மாற்றிவிடலாமா?

ஹீட் கன் (சூடான காற்றால் பெயின்டை இளக்கும் கருவி) போடலாம் என்கிறார் பெயின்டர். அதிகச் சூட்டில் ஈயப்புகை வரும், அவருக்கே ஆபத்து என்று மறுத்துவிட்டேன். ஈரப்படுத்திச் சுரண்டியவர்கள் எந்த மாதிரி முகக்கவசம் போட்டீர்கள்?

அந்த அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது. சாதாரண வாக்குவம் நுண்தூசியைத் திருப்பி ஊதிவிடும் என்பதால் தொடவில்லை. நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெபா (HEPA) வடிகட்டி உள்ள வாக்குவத்தை வாடகைக்கு எடுத்தவர்கள், எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.