தீத்தடயம் ஆராயும் வேதியியல் வேலைக்கு வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மாமாவின் துணிக்கடை எரிந்துபோனது. பார்க்க வந்தவர்கள் ‘மின்கசிவு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பிடி சாம்பலைக்கூட யாரும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தடயவியல் வேதியியல்தான் மூச்சு.

யாராவது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்திருந்தால், எரிந்த இடத்தில் அது மிச்சமிருந்தாலும் ஆவியாகிவிடும் என்பதால், அங்கே எடுக்கும் சாம்பலைச் சாதாரண பிளாஸ்டிக் பையில் போடாமல் காற்றுப் புகாத டின்னில் அடைக்க வேண்டுமாம். ஆய்வகத்தில் அந்த ஆவியைக் கரியில் உறிஞ்சவைத்து, கேஸ் குரோமட்டோகிராபி என்ற கருவிமுறையில் அதில் கலந்திருக்கும் பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், தெர்மோகோல் மாதிரிப் பொருட்கள் எரிந்தாலும் டொலுயீன் என்ற வேதிப்பொருள் வரும், பெட்ரோலிலும் டொலுயீன் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு எழுதினால் ஒரு நிரபராதி உள்ளே போய்விடலாம். இதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடுகிறது.

1849-லேயே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிய ஊர் சென்னை. இங்கே மாநிலத் தடயவியல் துறையில் சேர வேதியியல் பட்டம் போதுமா? இல்லை, காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் தனியாகப் படிக்க வேண்டுமா? உணவுக் கலப்படம், குடிநீர் மாசு, உடைந்த வால்வு, வெடித்த குழாய் இவற்றை ஆராயும் தனியார் ஆய்வகங்களில் புதியவர்களை எடுக்கிறார்களா? கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகும் அனுபவம் எப்படி என்றும் சொல்லுங்கள். அப்பாவுக்கு அதில்தான் பயம். இந்தத் துறையில் இருக்கும் அக்கா யாராவது அவளிடம் பத்து நிமிடம் பேசினால் பெரிய உதவி.