சைட்டிலிருந்து பில்லிங்குக்கு மாறுவது எப்படி?

வணக்கம். 2021-இல் பி.இ. சிவில் முடித்தேன். பெங்களூர் வைட்ஃபீல்டு பக்கம் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் சைட் இன்ஜினியர். கைக்கு வருவது மாதம் 26,000. பி.எஃப். கிடையாது, ஞாயிறன்று கான்கிரீட் போட்டாலும் தனிக் காசு இல்லை. இங்கே வாடகை என்னவென்று உங்களுக்கே தெரியும்.

சம்பளம் கூட்டிக் கேட்டேன், "அடுத்த ஸ்லாப் முடியட்டும்" என்றார்கள். ஸ்லாப் முடிந்தது, அவ்வளவுதான். வெளியே விண்ணப்பித்தால் பில்லிங் (முடிந்த வேலையை அளந்து பில் போடுவது) அனுபவம் கேட்கிறார்கள். மெட்ரோ வேலைக்கும் முயன்றேன். பைல் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்), பியர் (பாலத்தைத் தாங்கும் தூண்) வேலை பார்த்ததில்லை என்பதால் நகரவில்லை. ஆட்டோகேட், பார் பெண்டிங் ஷெட்யூல் (கம்பி வெட்டி வளைக்கும் அளவுப் பட்டியல்), எக்செல்லில் அளவு எடுப்பது வரும். ரெவிட் (கட்டடத்தை 3டி மாடலாக வரையும் மென்பொருள்) தெரியாது. கன்னடம் பேசுவேன். வளைகுடா இப்போதைக்கு முடியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

குவான்டிட்டி சர்வேயிங் (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுவது) பக்கம் போக, சம்பளம் குறைந்தாலும் சின்ன கான்ட்ராக்டரிடம் பில்லிங்கில் சேரலாமா, இல்லை ரெவிட் படித்துவிட்டுத் தேடலாமா?