கட்டி என்றதும் பயாப்ஸியா? எனக்கு வேண்டாம் என்றார்கள்

என் இடது கண் மெல்ல மெல்லக் கீழேயும் உள்பக்கமாகவும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது, வலி இல்லை, பார்வையிலும் குறை இல்லை, பழைய போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் இது இன்று நேற்று தொடங்கியதல்ல என்று புரிந்தது. சிடி, எம்ஆர்ஐ இரண்டும் எடுத்தார்கள். கண்ணீர்ச் சுரப்பியில் உருண்டையாக, ஓரம் தெளிவாக ஒரு கட்டி. பக்கத்து எலும்பை அது அரிக்கவில்லை, அழுத்தி அழுத்திக் குழியாக்கியிருந்தது, அவ்வளவுதான். ப்ளியோமார்ஃபிக் அடினோமாவாக இருக்கும் என்றார் டாக்டர், அதாவது சுரப்பியில் மெல்ல வளரும், புற்றல்லாத கட்டி. கட்டி என்றால் முதலில் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இவரோ அதைத் தொடவே கூடாது என்றார். உறையைக் கீறினால் செல்கள் சிந்தி, பல வருடம் கழித்துக்கூட நாலைந்து இடத்தில் முளைக்குமாம், சிலருக்குப் புற்றாகவும் மாறுமாம். அதனால் கண்குழியின் வெளிப்பக்க எலும்பைக் கழற்றி, கட்டியை உறையோடு முழுசாக எடுத்துவிட்டு, எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். லேப் ரிப்போர்ட்டும் அதே பெயரைத்தான் சொன்னது. இப்போது கண் உலர்ந்துபோகிறது, சொட்டு மருந்து விடுகிறேன்.

* * *

என் பையனுக்கும் துண்டு எடுக்கவில்லை, ஆனால் காரணம் வேறு. 14 வயது, ஒரு பக்கம் மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம், ஆளாளுக்கு அலர்ஜி என்றார்கள். எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்த டாக்டர் உள்ளே சிவப்பாக வழவழவென்று ஏதோ இருப்பதைக் கண்டதும் அதில் கை வைக்காமல் நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார் (அந்த நிதானத்துக்கே அவருக்குக் கும்பிடு போடலாம்). ஆஞ்சியோஃபைப்ரோமா. பெரும்பாலும் வளரிளம் பையன்களுக்குத்தான் வரும், புற்று இல்லை, ஆனால் முழுக்க ரத்தக் குழாய்கள், கிள்ளினால் ரத்தம் கொட்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தார்கள். அப்புறம் மூக்கு வழியாகவே எடுத்தாயிற்று, முகத்தில் தழும்பு இல்லை.

* * *

இதைப் படித்துவிட்டு யாரும் பயாப்ஸியே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எனக்கு மூக்கில் ஒரு பக்கம் மட்டும் பாலிப் (சதை வளர்ச்சி) மாதிரி இருந்தது. ஸ்கேன் எடுத்த பிறகு துண்டு எடுத்துப் பார்த்துத்தான் இன்வர்டட் பாப்பிலோமா என்று தெரிந்தது, மூக்கின் உள்சவ்வில் வளரும், பெரும்பாலும் புற்றல்லாத கட்டி. இதற்குள்ளேயே சிலருக்குப் புற்று ஒளிந்திருக்கும், அதனால் பார்த்தே ஆக வேண்டும். மேலோட்டமாக எடுத்தால் திரும்ப வரும் என்பதால், கட்டி ஒட்டியிருந்த இடத்து எலும்பையும் ட்ரில் வைத்துத் தேய்த்தார்கள். வருடங்கள் கழித்தும் வரலாம் என்பதால் எண்டோஸ்கோப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் எழுதியவரே, உங்களுக்கு ஸ்கேனை எத்தனை வருடம் தொடரச் சொன்னார்கள்?