கொகுச்சியில் அறை இல்லை: ஓகுமோதோரியை எப்படி நடப்பது?

நவம்பர் கடைசி வாரம் ஜப்பானின் குமானோ கோடோ யாத்திரைப் பாதைகளில் ஒன்றான நகாஹெச்சியில் நடக்கப் போகிறோம். தகிஜிரியிலிருந்து ஹோங்கு வரை தங்குமிடங்கள் உறுதியாகிவிட்டன. ஹோங்குவுக்குப் பிறகுதான் சிக்கல். உகேகவாவிலிருந்து கொகுச்சி 13 கி.மீ., அங்கிருந்து ஓகுமோதோரி என்ற மலைப்பாதையில் நாச்சி 14.5 கி.மீ. நடுவே கொகுச்சியில் இருக்கும் ஒருசில விடுதிகளும் நிரம்பிவிட்டன. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முடியாது.

ஓகுமோதோரிக்கு மட்டும் 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். டோகிரிசாக்கா என்ற கல்படி ஏற்றம் எச்சிசென் கணவாய் வரை சுமார் 800 மீட்டர் உயர்கிறது, அதுவும் 5 கி.மீ.க்குள். அந்த வாரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சிடார் மரக் காட்டுக்குள் இன்னும் சீக்கிரமே இருட்டிவிடும். ஆக, காலை ஏழரைக்குள் கொகுச்சியில் கிளம்பியாக வேண்டும்.

விடுதிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் கொடுத்தாயிற்று. ஹோங்குவுக்கு அருகிலுள்ள கவாயுவில் தங்கிப் பேருந்தில் கொகுச்சிக்குப் போகலாமென்றால் கன்மாரு நிறுத்தத்தில் மாற வேண்டும்; வண்டிகளோ குறைவு. நாச்சியிலிருந்து எதிர்த்திசையில் நடக்கவும் யோசித்தோம். ஆனால் மழை பெய்தால் பாசி படிந்த அந்தப் படிகளில் இறங்குவது ஏறுவதைவிட மோசம், முழங்காலும் தாங்காது.

மூன்று பேர், தலைக்கு 8 கிலோ பை. கூடாரம் இல்லை.

கவாயுவிலோ கடலோர ஊரான ஷிங்கூவிலோ தங்கி, காலை ஏழரைக்குள் கொகுச்சி போய்ச் சேர முன்பதிவு டாக்சி நடைமுறையில் கிடைக்கிறதா?